மதிப்பெண் தாள் யாருக்கு?

வீட்டில் தனியாகப் பியானோ கற்பிப்பவருக்குத் தலைமையாசிரியர் இல்லை. பணியிடைப் பயிற்சியும் இல்லை. அவர் தம் கற்பித்தலை எப்படிச் சீர்தூக்குகிறார்? என் மகளின் பியானோ ஆசிரியையிடம் அதைக் கண்டேன்.

அவருடைய மாணவர்கள் லண்டனைச் சேர்ந்த ஏபிஆர்எஸ்எம் கிரேடு தேர்வுக்குச் செல்பவர்கள். நேரடிச் செயல்முறைத் தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண்கள்: மூன்று உருப்படிகளுக்கு 90, ஸ்கேல் பயிற்சிக்கு 21, புதிய இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, கேட்டறிதலுக்கு 18. தேர்ச்சிக்கு 100 வேண்டும்.

ஒருநாள் ஆறு மாணவர்களின் மதிப்பெண் தாள்களை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். உருப்படிகளில் எல்லோருக்கும் நல்ல மதிப்பெண். பார்த்து வாசிப்பதில் எல்லோருக்கும் குறைவு. “ஒரு பிள்ளைக்குக் குறைந்தால் அது பிள்ளையின் சிக்கல். ஆறு பேருக்கும் என்றால் நான்தானே சார்?” என்றார். தேர்வு உருப்படிகளையே மாதக்கணக்கில் வாசிக்கவைத்ததுதான் காரணம்.

இப்போது ஒவ்வொரு வகுப்பிலும் முதல் ஐந்து நிமிடம் பிள்ளைகள் பார்த்திராத எளிய இசைக்குறிப்புக்கு. காப்புரிமை முடிந்த இசைத்தாள்கள் ஐஎம்எஸ்எல்பி இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

நானும் காலாண்டுத் தேர்வு மதிப்பெண்களை வினா வாரியாகப் பட்டியலிட்டேன். பத்தியைப் படித்து விடையளிக்கும் வினாவில் பாதிப்பேர் தடுமாறியிருந்தனர். பாடநூலுக்கு வெளியிலிருந்து ஒரு பத்தியைக்கூட நான் வகுப்பில் கொடுத்ததில்லை. நீங்களும் ஒருமுறை பட்டியலிட்டுப் பாருங்கள்.