ஏரியில் கிடைத்த எருமை

‘ஜப்பான்காரன் வந்தபோது வெள்ளைக்காரனின் விமானங்கள் எங்கே போயின?’ என்று கமுந்திங் பக்கத்துத் தோட்டங்களில் பெரியவர்கள் கேட்டதுண்டு.

1941 டிசம்பரில் ஈப்போ விமானத் திடலிலிருந்து பறந்தவை ‘பஃபலோ’ என்னும் அமெரிக்கப் போர்விமானங்கள். பஃபலோ என்றால் எருமை. உருவமும் அப்படித்தான், கட்டை குட்டை! கூடுதல் சுமையால் அவை மேலெழும்பத் தாமதமாயிற்று. எதிரி வருவதை முன்கூட்டி அறிவிக்கவும் போதிய ஏற்பாடு இல்லை. ஜப்பானியர் எளிதில் வென்றனர்.

இதே விமானத்தின் எடை குறைந்த வகையில் 44 வாங்கிய பின்லாந்தோ, அவற்றைக் கொண்டு சோவியத் விமானங்களை ஏராளமாக வீழ்த்தியது. ஆகவே மலாயாத் தோல்விக்கு எருமையை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது.

அந்த 44-இல் ஒன்று 1942 ஜூன் 25-இல் சுடப்பட்டு ஓர் ஏரியில் விழுந்தது. விமானி உயிர் தப்பினார். 1998-இல் ரஷ்யாவில் அதை வெளியே எடுத்தார்கள். உலகில் முழு உருவோடு எஞ்சிய பஃபலோ அது ஒன்றே. 2008 முதல் பின்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மலாயாவில் பறந்தவற்றில் ஒன்றுகூட முழுதாக மிஞ்சவில்லை.