உதிப்பது கதிரவனா?

கதிரவன் கிழக்கே எழுந்து மேற்கே மறைகின்றான் என்கிறோம். கண்ணும் அவ்வாறே சாட்சி சொல்கிறது. அச்சாட்சியை அப்படியே ஏற்கலாமா?

கி.பி. 499-ஐச் சார்ந்த ஆரியபடீயத்தில் ஆரியபடர் ஓர் உவமை கூறினார். ஓடத்தில் முன்னோக்கிச் செல்பவனுக்குக் கரையில் அசையாது நிற்பவை பின்னோக்கிச் செல்வனபோல் தோன்றும். அதுபோலவே விண்மீன்களும் மேற்கே செல்வனபோல் தோன்றுகின்றன. உண்மையில் பூமியே தன் அச்சில் மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. கதிரவனை நோக்கிய பாதியில் பகல், மறுபாதியில் இரவு.

பூமி சுழலுமாயின் உயர்ந்த பொருள்கள் விழுந்துவிடாவோ என்று பிரமகுப்தர் கி.பி. 628-இல் மறுத்தார். நியாயமான ஐயமே. ஆயின் சுழற்சி சீரானது. காற்றும் கட்டடங்களும் நாமும் பூமியோடு ஒருங்கே செல்கிறோம். ஆதலின், நிலநடுக்கோட்டில் மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகம் இருப்பினும் அதனை உணர்வதில்லை.

உவமை தெளிவு தரும். ஐயம் தீரச் சான்று வேண்டும். விண்ணை நோக்காமல், தரையிலேயே அச்சான்றைக் காட்டினார் லியோன் ஃபூக்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர். 1851-இல் பாரிஸ் நகரப் பாந்தியன் மண்டபத்தின் குவிமாடத்திலிருந்து, 67 மீட்டர் நீளக் கம்பியில் 28 கிலோகிராம் குண்டைத் தொங்கவிட்டு ஆடச் செய்தார். பக்கவாட்டில் தள்ளுவார் எவருமில்லை. எனினும் ஊசலாடும் திசை மணிக்குச் சுமார் 11 பாகை வீதம் மெல்லத் திரும்பியது. கீழிருந்த தரை திரும்பியதே காரணம்.

நாளை வைகறையில் கீழ்வானை நோக்குங்கள். நீங்கள் நிற்கும் நிலமே கதிரவனை நோக்கித் திரும்புவதை அறிவுக்கண்ணால் காண்பீர்கள்.