உறைபனி எழுப்பும் சுவர்கள்

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாவில் துகள் உறைபனி விழுவதுண்டு. "பனி கொழுந்தையெல்லாம் கருக்கிப் போட்டுருச்சு" என்று தோட்டங்களில் சொல்வார்கள். கொழுந்து இல்லாவிட்டால் அரைப்பேருக்கும் வழியில்லை. இலைக்குள் உருவாகும் பனிப்படிகம் கலங்களிலிருந்து நீரை இழுத்து, அவற்றின் மென்சவ்வைச் சிதைப்பதே காரணம். இதே படிகம் ஆய்வுகூடத்தில் கொத்தனாராக வேலை செய்வதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஏரோஜெல் என்பது ஏறக்குறைய முழுவதும் காற்றாலான திண்மம். 1931இல் அமெரிக்கர் சாமுவேல் கிஸ்லர் இதை முதலில் அறிவித்தார். ஒரு கூழ்மத்தைச் சும்மா காயவிட்டால், வற்றும் நீரின் பரப்பிழுவிசை நுண்துளைகளைச் சுருக்கிவிடும். அதைத் தவிர்க்கும் வழிகளில் ஒன்றுதான் உறையவைப்பது.

வீட்டிலேயே பார்க்கலாம். சீனி போடாத பிளேன்டீயை ஃப்ரீசரில் வையுங்கள். முதலில் உறையும் ஓரம் வெளிறியிருக்கும். சாயம் கடைசியில் உறையும் நடுப்பகுதியில் திரளும். பனிப்படிகம் பிற பொருளைத் தனக்குள் சேர்ப்பதில்லை, தள்ளிவிடும். நீரில் கலந்த நுண்தகடுகளும் இப்படித்தான் படிகங்களின் இடுக்குகளில் ஒடுங்கிச் சுவர்களாகின்றன. பிறகு அழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்தின் ஆயிரத்தில் 6 பங்குக்கும் கீழே இறக்கினால், பனி உருகாமலே ஆவியாகும். சுவர் மட்டும் மிஞ்சும்.

குளிர் அடியிலிருந்து வந்தால் படிகம் மேல்நோக்கி வளரும். துளைகளும் அதே திசையில் அமையும். வேகமாக உறைந்தால் துளை சிறியது, மெதுவானால் பெரியது. ஆக, அச்சு என்பது குளிரின் திசையும் வேகமும்தான்.

மீள்தன்மை எங்கிருந்து வருகிறது? பலகை ஒடியும், தாள் வளையும். சுவர் மெல்லியதானால் கரியும் வளைந்து நிமிரும். 2013இல் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்தில் காவோ சாவோ குழுவினர் உறைய உலர்த்திச் செய்த கிராபீன் ஏரோஜெல், உள்ளிருக்கும் காற்றை நீக்கிக் கணக்கிட்டால், கன சென்ரிமீற்றருக்கு 0.16 மில்லிகிராம். காற்றோ சுமார் 1.2 மில்லிகிராம்!

இன்னொரு புதுமையும் உண்டு. இறப்பரை அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும். சில ஏரோஜெல்கள் பக்கவாட்டிலும் உள்வாங்கும். அவற்றின் சுவர்கள் முன்கூட்டியே உள்நோக்கி வளைந்திருப்பதால், அமுக்கும்போது மேலும் உள்ளே மடிகின்றன. 2019இல் லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் துவான் குழு உள்ளிட்ட ஆய்வாளர்கள் இத்தகைய பீங்கான்வகை ஏரோஜெலை அறிவித்தனர். திடீர் சூட்டிலும் குளிரிலும் வெடிக்காத வெப்பக் காப்பு அது.

இது நமக்கெதற்கு என்று கேட்கலாம். கிராபீனின் தாய்ப்பொருள் பென்சில் கரி எனப்படும் கிராபைட். போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைக்கும் நம் கிராபைட் தூய்மைக்குப் பேர்போனது. பெரும்பாலும் ஏற்றுமதிக்கே போகிறது. ஹோமாகமவிலுள்ள இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகம் கிராபீன் ஆய்வில் இறங்கியிருக்கிறது. தேயிலையைப் பெட்டியில் அனுப்பிவிட்டு, பெயரையும் இலாபத்தையும் பிறருக்கு விட்ட கதை மலையகத்துக்குத் தெரியும். கரியிலும் அது தொடரக் கூடாதென்றால், ஹட்டனில் உயர்தர விஞ்ஞானம் படிக்கும் நம் பிள்ளைகள் அந்த ஆய்வுகூடங்கள் வரை போக வேண்டும்.