உப்பு மூடையின் அடியில் இறங்கிய அயோடின்

புத்தளத்தில் உப்பு வியாபாரம் செய்பவர்களுக்கு அயோடினைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நாம் உண்ணும் உப்பில் அதைச் சேர்ப்பது 1995 முதல் நாட்டில் கட்டாயம். ஆனால் சேர்த்த அயோடின் மூடைக்குள் எங்கே நிற்கிறது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? ஒரு மாரி காலத்தில் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் என் உப்பைத் திருப்பி அனுப்பும்வரை நானும் யோசிக்கவில்லை.

அவரது கடையில் எடுத்த மாதிரியில் அயோடின் போதாதாம். அயோடின் கலந்து தந்தவரிடம் கோபத்தோடு போனேன். அவர் என் களஞ்சியத்துக்கே வந்து, ஒரே மூடையின் மேலிருந்தும் அடியிலிருந்தும் ஒவ்வொரு பிடி உப்பை எடுத்து, பரிசோதனைத் திரவத்தைச் சொட்டுவிட்டார். மேல் உப்பில் நிறம் மாறியதாகவே தெரியவில்லை. அடி உப்பு கருநீலமானது.

கிலோவுக்கு 25 மில்லிகிராம் அயோடின் வேண்டுமானால் ஒரு தொன் உப்புக்குப் பொற்றாசியம் அயடேற்று சுமார் 42 கிராம்தான் தேவை. அது நீரில் கரையக்கூடியது. காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கசியும். மக்னீசியம் கூடிய, சரியாகக் கழுவாத உப்பு அதற்கு முன்பே கசியும். அந்தக் கசிவோடு அயடேற்றும் கீழே இறங்கும், உள்ளுறை கிழிந்திருந்தால் தரைக்கே போய்விடும். மிக்சர், மசாலாத்தூள் விற்பவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. அங்கே ஈரமல்ல, லொறியின் குலுக்கல். சிறியது அடிக்குப் போகும், பெரியது மேலே வரும்.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்களின் சம்பவம் நமக்குத் தெரிந்ததே. நான் வேண்டுமென்று ஏமாற்றவில்லைதான். ஆனாலும் வீட்டுக்குச் சேரும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவு. அது தொடர்ந்து குறைந்தால் கழுத்துக் கழலை மட்டுமல்ல, கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும்.

தவறு என் களஞ்சியத்தில்தான். வெறும் சீமெந்துத் தரையில், சுவரோடு ஒட்டி, மாதக்கணக்கில் அடுக்கியிருந்தேன். நாட்டாமிமார் கொக்கி போட்டு இழுத்ததில் பொலித்தீன் உள்ளுறைகள் ஓட்டையாகியிருந்தன. கொக்கியை அன்றே நிறுத்தினேன். சும்மா விடவில்லை, கூலி கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள், கொடுத்தேன். இப்போது மூடைகள் பலகைத் தட்டின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கின்றன. முதலில் வந்தது முதலில் போகும். ஒக்டோபர் மழைக்கு முன் பழைய இருப்பை முடிக்கப் பார்க்கிறேன். கட்டி உப்பில் அயடேற்றுத் தூளை உலர்வாகத் தூவித் தருபவரிடம் வாங்குவதில்லை. தூள் கட்டிகளின் இடையே உதிர்ந்துவிடும். கரைத்துத் தெளித்தால்தான் ஒட்டும். அதுவும் நன்றாக நீர் வடிந்த உப்பாக இருக்க வேண்டும்.

மூடையைத் திறந்து நிறுத்து விற்பவர்கள் முதலில் முழுவதையும் கொட்டிப் புரட்டிக்கொள்வது நல்லது. அதைவிட, உலர்ந்த உப்பைச் சிறு பொதிகளாகக் கட்டிவிட்டால் அயோடின் இறங்கிப்போக இடமே இல்லை.

அந்தக் கடைக்காரர் மறு வருடம் திரும்பி வந்தார். மேலே ஒரு சொட்டு, அடியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துத்தான் எடுக்கிறார்.