விழாத இடத்தைத் தேடி

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலைப்பாதையில் பெருமழை பெய்தால், சரிந்த மண்ணை அள்ள முதலில் பொக்லைன் வரும். அடுத்து வரும் நிலவியல் வல்லுநர்களுக்கோ விழுந்த இடத்தைவிட இன்னும் விழாத இடத்தின் மேல்தான் கண்.

நீலகிரியின் அடிப்பாறையான சார்னோகைட் நல்ல கெட்டி. வம்பு, அதன் மேல்பகுதி காலங்காலமாக மக்கிச் செம்மண்ணாகிப் பல மீட்டர் தடிமனில் படிந்து கிடப்பதில்தான். மழைநீர் மண்ணுக்குள் இறங்கிப் பாறையில் முட்டித் தேங்கும். தேங்கிய நீரின் அழுத்தம் ஏற ஏற மண் துகள்களின் பிடி தளரும். சாலைக்காகச் சரிவின் அடியை வேறு வெட்டியிருந்தால் முட்டுக்கொடுக்க அங்கே எதுவும் இல்லை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. கொட்டியது, மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான இடங்கள் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆகவே சாலையில் நின்று பார்த்தால் போதாது, மேலே ஏற வேண்டும். தேயிலைச் செடிகளுக்கிடையே பிறை வடிவில் ஓடும் விரிசல், சாய்ந்த மின்கம்பம், நேற்றுவரை இல்லாத ஊற்று எல்லாம் கணக்கில் வரும். விரிசலின் இரு பக்கமும் முளை அடித்து இடைவெளியைக் குறித்து வைத்தால், அடுத்த முறை வளர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

தடுப்புச் சுவரில் நீர் வடிய விட்டிருக்கும் துளைகளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். தெளிந்த நீர் வந்தால் நல்லது. கலங்கலாக வந்தால் பின்னாலுள்ள மண்ணும் சேர்ந்து வெளியேறுகிறது. சுற்றிலும் ஈரமாக இருக்க, துளை மட்டும் காய்ந்து கிடந்தால் அடைப்பு. உள்ளே தேங்கிய நீர் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கும். சுவர் வயிறு தள்ளத் தொடங்கிவிட்டால் வண்டிகளை நிறுத்துவதுதான் வழி.

சிறுபாலத்தின் வாயைச் சருகும் பிளாஸ்டிக்கும் அடைத்தால், நீர் சாலை மேல் ஏறிப் பள்ளத்துப் பக்கம் இறங்கும். தார் முழுசாகத் தெரியும். அடியில் மண் போயிருக்கும். துளையும் வாய்க்காலும் தூர்வாருவது மலைச்சாலையில் மலிவான வேலை. அதைத்தான் எப்போதும் கடைசிக்குத் தள்ளுகிறோம்.

2024 ஜூலையில் கொல்கத்தாவில் தொடங்கப்பட்ட தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம், நீலகிரிக்கும் எச்சரிக்கை வெளியிடுகிறது. அது பகுதியைச் சொல்லும். எந்த வளைவு என்பதை நடந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும். மழை விட்ட பிறகும் மண்ணுக்குள் நீர் இறங்கிக்கொண்டே இருக்கும். வெயில் அடித்த மறுநாளும் இரவுப் போக்குவரத்துக்குத் தடை நீடித்தால் காரணம் இதுதான்: உருண்டு வரும் கல் இருட்டில் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது.