குதிரையும் கமமும் உளநலமும்: யாழ்ப்பாணக் குடாநாட்டை முன்வைத்து ஒரு நோக்கு

உடலாலோ உள்ளத்தாலோ ஊறுபட்ட இளையோரையும் வளர்ந்தோரையும் குதிரை லாயத்திலும் பண்ணையிலும் ஈடுபடுத்திக் குணங்காணச் செய்யும் முறை மேலைநாடுகள் பலவற்றில் இன்று நிலைபெற்றுள்ளது. அம்முறை எவ்வாறு இயங்குகின்றது, அதன் பயனுக்குச் சான்று யாது, யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதனைக் கைக்கொள்வதாயின் எவற்றைக் கருத்திற் கொள்ளவேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சியின் தேவை ஏட்டளவினதன்று. 2009ஆம் ஆண்டு யூலை முதல் செப்டெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் 1,517 குடும்பங்களை உட்படுத்தி நடத்தப்பெற்ற ஆய்வொன்று, 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. வளர்ந்தோருள் 32.6 சதவீதத்தினரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும், 22.2 சதவீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 7.0 சதவீதத்தினரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகளும் காணப்பட்டன என அது கூறுகின்றது. இத்துணைப் பெருந்தொகையினரை ஒருசில உளமருத்துவர்கள் தனித்தனியே அமர்த்திப் பேசிக் குணப்படுத்தல் இயலாது. போர் விளைத்த ஊறு தனிமனிதரோடு நில்லாது குடும்பத்தையும் சமூகத்தையும் பற்றியது. ஆதலின் பரிகாரமும் அவற்றைத் தழுவியதாதல் வேண்டுமென யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வற்புறுத்தி வந்துள்ளார். பண்ணைவழிப் பரிகாரம் இந்நிலையிலேயே நம் கவனத்திற்குரியதாகின்றது.

முதலில் குதிரையை நோக்குவோம். குதிரை நடக்கும்போது அதன் முதுகு மேலுங்கீழும், முன்னும்பின்னும், பக்கவாட்டிலும் ஒருங்கே அசைகின்றது. மேலமர்ந்தவரின் இடுப்பு, மனிதர் நடக்கும்போது அசைவதைப் பெரிதும் ஒத்தவாறு அசைக்கப்படுகின்றது. மூளைவாதம் போன்ற குறைபாடுடையோருக்குத் தசைக்கட்டுப்பாட்டையும் சமநிலையையும் பயிற்ற இவ்வசைவு துணைபுரிகின்றது. 1944இல் இளம்பிள்ளைவாதத்தால் முழங்காலுக்குக் கீழ் இயக்கமிழந்த டென்மார்க்கு நாட்டுப் பெண்மணி லிஸ் ஹார்ட்டெல், 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் குதிரையேற்றப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றமை இத்துறைக்கு உலகளாவிய ஊக்கமளித்தது.

உளநலத்தைப் பொறுத்தவரை சவாரி இன்றியமையாததன்று. குதிரை இயல்பில் வேட்டையாடப்படும் விலங்கு. அண்மையிலிருப்போரின் குரலையும் உடலசைவையும் கூர்ந்துணர்வது. சினத்தோடு அணுகினால் விலகும். அமைதியோடு அணுகினால் நிற்கும். உடலைத் தேய்த்துவிடுதல், தீனியிடுதல், கயிறு பிடித்து நடத்துதல் ஆகிய எளிய செயல்களிலேயே ஓர் இளைஞர் தம் பதற்றத்தின் விளைவைப் பிறர் எடுத்துரையாமற் கண்முன் காண்கின்றார். அதனைத் தணிக்கவும் பழகிக்கொள்கின்றார்.

இப்பயன் குதிரைக்கு மட்டும் உரியதா என்பது அடுத்த வினா. நோர்வேயில் உளநோயுற்ற 90 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 2008இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகின்றது. அவர்களுள் 60 பேர் வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் மூன்று மணிநேரம், பன்னிரண்டு வாரங்கள் பண்ணை விலங்குகளோடு பணியாற்றினர். அவ்விலங்குகளுட் பெரும்பாலானவை பால்மாடுகளே. செயலாற்றும் தகுதி தமக்குண்டு என்னும் நம்பிக்கை அவர்களிடம் உயர்ந்தது. ஆனால் அவ்வுயர்வு பயிற்சி நடைபெற்ற காலத்திலன்றி, முடிந்து ஆறு மாதங்களின் பின்னரே தெளிவாகப் புலப்பட்டது. இம்முறை விரைந்து பலன்தரும் மருந்தன்று என்பதும், பசுவும் போதிய ஆசான் என்பதும் இதனாற் பெறப்படும். எனினும் இத்துறை ஆய்வுகள் பலவும் சிறு தொகையினரை வைத்துச் செய்யப்பட்டவை. மருந்துக்கும் உளவளத்துணைக்கும் மாற்றாகவன்றித் துணையாகவே இம்முறையைக் கொள்ளல் தகும்.

குடாநாட்டிற் குதிரை என்றதும் நெடுந்தீவு நினைவுக்கு வரும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் அங்கு குதிரை வளர்த்தனர். லாயத்தின் இடிபாடுகள் இன்றும் உள்ளன. கைவிடப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் தீவின் தென்புற வெளிகளிற் கட்டற்று மேய்கின்றன. 2015இல் அவ்வெளி தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. இக்குதிரைகளைப் பிடித்துப் பழக்கலாமே எனச் சிலர் எண்ணக்கூடும். அது பொருத்தமன்று. அவை உருவிற் சிறியன. தன் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்குக்கு மேற்பட்ட சுமையைக் குதிரை தாங்கலாகாது என்பது பொதுவிதி. கோடை வரட்சியில் அவை நீரின்றி வாடுவது மீளமீள நிகழ்கின்றது. துன்புறும் விலங்கைக் கொண்டு மனிதத் துன்பத்தை ஆற்ற முனைவது அறமுமன்று, பயனும் தராது. அவற்றுக்கு நாம் முதலிற் செய்யவேண்டியது குடிநீர் வழங்கலே.

குதிரை வளர்த்த ஒல்லாந்தரின் தாயகமான நெதர்லாந்தில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பராமரிப்புப் பண்ணைகள் இயங்குகின்றன. அவற்றுட் பல சாதாரண உழவர் குடும்பங்களின் பண்ணைகளே. நாம் கற்கவேண்டிய பாடம் இதுவே. செம்மண் தோட்டமும், பங்குக் கிணறும், மாட்டுக் கொட்டிலும், ஆட்டுக்குக் குழை ஒடித்தலும் நம்மிடம் ஏலவே உள்ளன. வெங்காயத்துக்கு நீரிறைக்கும் நாளை ஒத்திப்போட முடியாது. பசு கறவை நேரம் தவறினாற் கத்தும். தம்மை எவரும் வேண்டார் எனக் கருதி ஒடுங்கியிருப்பவரை, இன்னோர் உயிரின் தேவை காலையில் எழுப்புகின்றது. பண்ணைவழிப் பரிகாரத்தின் உட்பொருள் இஃதே எனலாம்.

ஆயின் இங்கு இரு எச்சரிக்கைகள் அவசியமானவை. ஒன்று, உழைப்புச் சுரண்டல் பற்றியது. 1796இல் இங்கிலாந்தின் யோர்க் நகரில் குவேக்கர்கள் நிறுவிய மனநல இல்லத்தில், தோட்டவேலை நோயாளரை மனிதராக மதிக்கும் வழியாகவே அமைந்தது. பின்னர் எழுந்த பெரும் புகலிடங்களிலோ அதே வேலை கூலியற்ற உழைப்பாகத் திரிந்தது. நோயாளர் உழைப்புக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தும் என 1973இல் அமெரிக்க நீதிமன்றமொன்று தீர்ப்பளிக்க நேர்ந்தமை இதனாலேயே. விளைபொருள் விற்பனைக்குச் செல்லுமாயின் உழைத்தோர்க்குப் பங்கு உண்டு என்பது தொடக்கத்திலேயே வரையறுக்கப்படல் வேண்டும்.

மற்றொன்று, நமது சமூகத்துக்குச் சிறப்பாக உரியது. யாழ்ப்பாணத்தில் மண் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதன்று. தலைமுறைகளாகப் பிறர் நிலத்தில் அடிமை குடிமையாய் உழைத்து, கிணற்றில் அள்ளும் உரிமையும் மறுக்கப்பட்டோரின் பிள்ளைக்கு, மண்வெட்டி ஆறுதலின் கருவியாகாமற் பழைய இழிவின் நினைவாகலாம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்க்கப்பட்டு, தம் காணி கட்டங்கட்டமாக விடுவிக்கப்படும் வரை பல்லாண்டுகள் காத்திருந்தோருக்கோ மண்ணின் இழப்பே நோயின் வேராகும். அவர்க்குச் சொந்தக் காணியை மீளப் பெறுதலே முதற் பரிகாரம். எனவே எவ்வேலையைச் செய்வது, செய்யாதுவிடுவது என்னும் தெரிவு பங்குபற்றுவோரிடமே இருத்தல் வேண்டும். கிணறும் உணவுப் பந்தியும் அனைவர்க்கும் பொதுவாதல் வேண்டும்.

பெருங்கட்டிடமும் இறக்குமதிக் குதிரையும் இதற்கு வேண்டியதில்லை. உளமருத்துவப் பிரிவொன்றின் மேற்பார்வையில், உளசமூகப் பணியாளர் ஒருவர் உடனிருக்க, இசைந்த கமக்காரர் சிலரின் தோட்டங்களில் வாரத்துக்கு இருநாள் எனச் சிறு அளவில் தொடங்கலாம். பயனை முடிவுநாளில் மட்டுமன்றி ஆறு மாதத்தின் பின்னரும் அளந்தறிதல் வேண்டும். மருத்துவம், விவசாயம், சமூகவியல் ஆகிய துறையினர் ஒருங்கிணைந்து மேற்கொள்ளத்தக்க பணி இது. அதன் வெற்றி, பங்குபற்றியவர் தோட்டத்துக்குத் தாமே விரும்பித் திரும்புகின்றாரா என்பதிலேயே தங்கியுள்ளது.