வயிற்றுவலியை வீட்டில் வைத்திருக்காதீர்கள்

தொப்புளடியில் தொடங்கும் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி, சத்தியும் காய்ச்சலும் சேர்ந்தால் குடல்வளரி அழற்சியாக இருக்கலாம். ஓமத்தண்ணீர் கொடுத்துக் காலம் கடத்த வேண்டாம். குடல்வளரி வெடித்தால் உயிருக்கே ஆபத்து. உடனே வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். நடக்க முடியாவிட்டால் 112ஐ அழையுங்கள்.

வயிற்றைப் பெரிதாக வெட்டுவார்களோ என்ற பயமும் வேண்டாம். 1980இல் யேர்மனியின் கீல் நகரில் பேராசிரியர் கூர்ட் செம், சிறு துவாரங்களினூடாகப் பார்வைக்குழாயையும் கருவிகளையும் செலுத்திக் குடல்வளரியை அகற்றினார். அன்று சத்திரசிகிச்சை நிபுணர்கள் பலர் அதை எதிர்த்தனர். இன்று அதுவே வழமை. காயம் சிறிது, வீடு திரும்புவதும் விரைவு.

சம்மதப் பத்திரத்தில் கையொப்பம் வைக்குமுன் வைத்தியர் உங்களுக்கு விளங்கும்படி எடுத்துச்சொல்ல வேண்டும். இது 2013 முதல் சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது. விளங்காததற்குத் தலையாட்டாதீர்கள். டொச் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். அந்தச் சுமையைப் பிள்ளைகளின் தலையில் வைக்காதீர்கள்.